படமும் பாடமும்: தென்னிந்தியத் தாவர ஓவியங்களை வாசித்தல்

சங்க இலக்கியச் செடிகொடிகளை இன்னவை என்று துணிய முற்படும் தமிழாய்வு, தாவரவியல் நூல்களில் உள்ள படங்களைச் சான்றாகக் கொள்வது வழக்கம். உரையாசிரியரின் கூற்றை ஐயுறும் ஆய்வாளரும் படத்தை ஐயுறுவதில்லை. சுவடியில் ஓரெழுத்து மாறி நின்றால் அதனைப் பாடவேறுபாடு என்று கண்டு, மூலம் யாது, படியெடுத்தவர் யார், எந்தச் சுவடியிலிருந்து எது பிறந்தது என்று வினவும் பயிற்சி தமிழ்த்துறைகளுக்கு நெடுங்காலமாக உண்டு. அப்பயிற்சி பூவிதழ் ஒன்றின் வளைவு குறித்தோ இலை நுனியின் சுருள் குறித்தோ செயற்படுவதில்லை. படம் இயற்கையின் நேர்ப்பதிவு என்னும் நம்பிக்கையே இதற்குக் காரணம். 17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தென்னிந்தியாவில் எழுந்த தாவர ஓவியங்களை நோக்க அந்நம்பிக்கை ஆதாரமற்றது என்பது விளங்கும். அவ்வோவியங்கள் பல கைகள் வழியே வந்த பாடங்கள். பாடத்தை வாசிக்கும் முறையிலேயே அவற்றையும் வாசித்தல் வேண்டும்.

இவ்வோவியங்களுள் பெரும்பகுதி இன்று அருங்காட்சியகங்களிலும் உலர்தாவரகங்களிலும் உள்ளது. எடின்பரோவின் அரச தாவரவியல் பூங்கா, கியூ தோட்டம், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆகியவை வெளிநாட்டுச் சேகரங்களுள் முதன்மையானவை. வில்லியம் ராக்ஸ்பரோ (1751-1815) சாமல்கோட்டையிலும் பின்னர்க் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்திலும் இந்திய ஓவியர்களைக் கொண்டு வரைவித்த 2500க்கும் மேற்பட்ட படங்களின் ஒரு தொகுதி ஹௌராவிலும் மற்றொரு தொகுதி கியூவிலும் இருக்கின்றன. அவற்றுள் 300 படங்கள் சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் பற்றிய மூன்று தொகுதிகளாக 1795க்கும் 1820க்கும் இடையில் லண்டனில் வெளிவந்தன. நூலைத் தொகுத்தவர், வெளியீட்டை மேற்பார்த்த ஜோசப் பேங்க்ஸ் ஆகியோர் பெயர்கள் யாவரும் அறிந்தவை. வரைந்தவர் பெயர்களோ பெரும்பாலும் மறைந்தொழிந்தன.

ராபர்ட் வைட் (1796-1872) இவ்வகையில் ஒரு விதிவிலக்கு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இம்மருத்துவர் 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சென்னைக்கு வந்தார். 1842 முதல் கோயம்புத்தூரில் பருத்திச் சாகுபடிச் சோதனைகளை மேற்பார்த்தார். 1853இல் நாடு திரும்பினார். அவர் வெளியிட்ட நூல்களுள் பெரியது ‘ஐக்கோனிஸ் பிளாண்டேரம் இந்தியே ஓரியண்டாலிஸ்’ என்பது. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னையில் அச்சான அந்நூலில் 2101 கல்லச்சுப் படங்கள் உள்ளன. அவை வண்ணம் தீட்டப்பெறாதவை. வண்ணப் படங்களைக் கொண்ட அவருடைய பிற நூல்களுள் நீலகிரித் தாவரங்களைப் பற்றிய ‘ஸ்பிசிலீஜியம் நீல்கெரென்ஸ்’ ஒன்று. இவற்றுக்கெல்லாம் மூலமான நீர்வண்ண ஓவியங்களை ஏறத்தாழ 1820களின் நடுப்பகுதியிலிருந்து இருபது ஆண்டுகள் ரங்கய்யா என்பாரும், அவருக்குப்பின் கோவிந்து என்பாரும் வரைந்தனர். எடின்பரோவில் மட்டும் ஏறத்தாழ 700 ஓவியங்கள் உள்ளன. ஹென்றி நோல்டி இவற்றை ஆராய்ந்து 2007இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். ஓவியர் இருவர் பெயரையும் வைட் பெயரோடு தலைப்பிலேயே இட்டது அவ்வாய்வின் சிறப்பு.

இருவரைப் பற்றியும் கிடைக்கும் செய்தி மிகச் சிறிது. தெலுங்கு பேசும் மரபினர் என்பதும், தஞ்சை ஓவிய மரபோடு தொடர்புடைய ராஜு குலத்தவராகலாம் என்பதும் ஆய்வாளர் கருத்து. பெயரைத் தமிழில் எழுதும் வகையிலேயே உறுதிப்பாடு இல்லை. ஆங்கில எழுத்துகளில் இரண்டு மூன்று வகையாக அச்சான ஒரு பெயரை ‘ரங்கய்யா’ என்று இங்கு மீட்டெழுதுவதும் ஊகமே. ஆயினும், அவர்கள் வரைந்தவை கைக்கு எட்டும் நிலையில் உள்ளன. ஒருவரது வாழ்க்கை வரலாறு தெரியாத இடத்து அவருடைய ஆக்கத்திலிருந்தே அவரை அறிய முயல்வது இலக்கிய ஆய்வுக்குப் புதிதன்று. சங்கப் புலவர் பலரைத் தமிழுலகம் அவ்வாறே அறிந்திருக்கிறது.

கை பல, பாடம் ஒன்று

ஒரு தாவரப் படம் அச்சேறும் வழியை நோக்கினால் அதில் தங்கும் கைகள் எத்தனை என்பது புலப்படும். செடியைக் கண்டெடுத்துக் கொணர்பவர் ஒருவர். பெரும்பாலும் அவர் பெயரில்லாத உள்ளூர்ச் சேகரிப்பாளர். வந்த செடி வாடுவதற்குள் அதனைக் காகிதத்தில் கோட்டுருவாக்கி வண்ணமிடுபவர் ஓவியர். பூவை அறுத்து, சூற்பை, மகரந்தத்தாள் ஆகியவற்றை உருப்பெருக்கியில் நோக்கி, படத்தின் அடியில் சேர்ப்பவர் தாவரவியலார். அவ்விடத்தில் ஓவியரின் கையும் அறிவியலாரின் கண்ணும் கலந்து நிற்கின்றன. பின்னர் அப்படத்தைக் கல்லச்சுக்கு மாற்றுபவர் வேறொருவர். வைட்டின் தொடக்ககாலப் படங்கள் சிலவற்றில் அவரே கல்லச்சுப் பணியைச் செய்தார் என்பதும், பிற்காலத்தில் டம்பி என்பவர் அதனை மேற்கொண்டார் என்பதும் அறியப்பட்டவை. வண்ணப் படமாயின் அச்சான ஒவ்வொரு தாளிலும் கையால் வண்ணமிடும் தொழிலாளர் இறுதியாக வருகின்றனர். ஆகவே ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் பூவின் சிவப்பு இரண்டு வகையாக இருத்தல் இயல்பு.

இவ்வடுக்குகளை ஏட்டுச்சுவடி, கையெழுத்துப்படி, அச்சுப்பதிப்பு என்னும் வரிசையோடு ஒப்பிடுதல் தகும். ஓவியரின் நீர்வண்ணத் தாள் மூலச்சுவடி எனில், கல்லச்சுப் படம் பதிப்பு. பதிப்பில் சில கூறுகள் விடுபடும். சில திருத்தம் பெறும். வண்ணமில்லாக் கல்லச்சில் இலையின் மேற்புறப் பசுமையும் அடிப்புற வெளிறலும் கோட்டு அடர்த்தியின் வேறுபாடாக மட்டுமே எஞ்சும். மூல ஓவியத்தைக் காணாது அச்சுப்படத்தை மட்டும் கொண்டு இலையின் நிறம்பற்றிப் பேசுவோர், உரையை மட்டும் கண்டு மூலத்தை மேற்கோளாக்குவோரை ஒப்பர்.

இடவலம் பற்றிய செய்தி இன்னும் நுண்ணியது. கல்லின்மேல் நேரே வரைந்து அச்சிட்டால் படம் கண்ணாடியில் தோன்றுவதுபோல் இடவலம் மாறும். இடைத்தாளில் வரைந்து கல்லுக்கு மாற்றினால் மாறாது. செப்புத்தகட்டுச் செதுக்கலிலும் இச்சிக்கல் உண்டு. மரத்தின் படத்துக்கு இம்மாற்றத்தால் பெரிய கேடில்லை. சுற்றிப்படரும் கொடிக்கும், முறுக்கிய இதழ்களையுடைய பூவுக்கும் இது அடையாளத்தையே பாதிக்கும் செய்தியாகும். சங்கப் புலவர்கள் மரா மலரின் வலப்புறச் சுரிவை ஓர் அடையாகவே ஆண்டுள்ளனர். அத்துணை நுட்பமாக நோக்கிய ஒரு மரபைப் படத்தோடு ஒப்பிடும்போது, அப்படம் எம்முறையில் அச்சிடப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மூல ஓவியமும் அச்சும் அருகருகே வைத்து நோக்கப்படாத வரையில் சுரியும் திசைபற்றிய எந்த முடிவும் உறுதியற்றதே.

தாவரவியலாரே இப்படங்களை வெறும் விளக்கமாகக் கொள்வதில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இடப்பெற்ற அறிவியற் பெயர்கள் பலவற்றுக்கு, உலர்மாதிரி கிட்டாத இடத்துப் படமே மூலச்சான்றாக ஏற்கப்பட்டுள்ளது. ஒரு பெயர் எச்செடியைக் குறிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அப்போது ஒரு தாளுக்குச் செல்கிறது. அத்தாளில் ஓவியர் செய்த சிறு தெரிவும் பெயரின் பொருளில் பங்கு பெறுகிறது. ‘ஓவியர் அறிவியலாரின் கருவி’ என்னும் பழைய கருத்து இதன்முன் நில்லாது.

வெண்தாளின் வெறுமை

தாவரப் படத்தின் முதல் இலக்கணம் அதன் பின்புலம் வெறுமையாதல். செடி நிலத்தில் வேரூன்றி நிற்பதில்லை, வெண்தாளில் மிதக்கிறது. மண்ணில்லை, நீரில்லை, அயலில் வேறு செடியில்லை. பெரிய இலை தாளுக்குள் அடங்காவிடின் மடித்துக் காட்டப்படும். மொட்டும் மலரும் காயும் ஒரே காம்பில் ஒருசேர நிற்கும். இயற்கையில் வெவ்வேறு திங்களில் நிகழ்பவை தாளில் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. இது குறைபாடன்று, இவ்வகைப் படத்தின் நோக்கமே அதுதான். எங்கு வளரினும் எப்போது பூப்பினும் இச்செடி இன்னதென்று அறியத்தக்க பொதுமையை அது நாடுகிறது. அறுத்துக் காட்டிய சூற்பையின் அறைகளை எண்ணி இரு செடிகளை வேறுபடுத்தும் வசதியை வேறு எவ்வகை ஓவியமும் தந்ததில்லை.

திணைமரபு இதற்கு நேர் எதிர்த்திசையில் செல்வது. அங்கே பூ என்பது நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளில் தோய்ந்த கருப்பொருள். அதனைப் பெயர்த்தெடுத்துத் தனியே நிறுத்தினால் உரிப்பொருளோடு அதற்குள்ள தொடர்பு அறுந்துவிடும். குறிஞ்சியை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். நீலகிரியிலும் பழனிமலைத் தொடரிலும் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2006இலும் 2018இலும் பரவலாகப் பூத்தது. அது சார்ந்த ஸ்ட்ரொபிலாந்தஸ் பேரினத்தின் இனங்கள் பல வைட்டின் நூலில் படமாகியுள்ளன. ஆண்டுதோறும் பூக்கும் செடியின் படமும் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் செடியின் படமும் வெண்தாளில் ஒன்றுபோலவே நிற்கும். படம் இதழின் வடிவைக் காட்டும், காத்திருப்பைக் காட்டாது. குறிஞ்சித்தேனைப் பாடிய புலவர் அறிந்திருந்தது அப்பூவின் காலத்தை. ஓவியர் அறிந்திருந்தது அதன் வடிவை. இவ்விரண்டில் ஒன்றை மற்றொன்றுக்கு உரைகல்லாக்கும்போது, எது எதைச் சொல்ல வல்லது என்னும் தெளிவு வேண்டும்.

பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’ போன்ற நூல்கள் இத்துறைக்குச் செய்த தொண்டு பெரிது. பாட்டில் வரும் பெயரோடு தாவரவியற் பெயரை இணைத்துக் காட்டி, உரைகளில் ‘ஒரு மரம்’, ‘ஒரு பூ’ என்று நின்றவற்றுக்கு உருவம் தந்தவை அவை. ஆனால் அவற்றைப் பின்பற்றி எழுந்த கட்டுரைகள் பலவற்றில் இணைப்பு மட்டும் எஞ்சி, ஆராய்ச்சி தேய்ந்துவிட்டது. தமிழ்ப்பெயர், இலத்தீன் பெயர், படம் என மூன்று கட்டங்களை நிரப்பியதும் வினா முடிந்ததாகக் கருதப்படுகிறது. வினா அங்கேதான் தொடங்குகிறது என்பதற்குக் காந்தள் ஒன்றே போதும்.

காந்தளும் தோன்றியும்

காந்தள் என்பது குளோரியோசா சூப்பர்பா என்பதில் இன்று கருத்து வேறுபாடில்லை. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. ஓவியருக்கு இது எளிய செடியன்று. இலையின் நுனி நீண்டு பற்றுக்கம்பியாகிப் பிறவற்றைப் பற்றி ஏறும். பூ தலைகவிழ, ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலெழுந்து, விளிம்பு அலைபோல் நெளியும். சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீளும். நிறமோ ஒரு நிலையில் நில்லாது. பசுமையாய் விரிந்து, மஞ்சளாகி, சிவந்து முடியும். ஒரு பூவை மட்டும் வரைந்தால் காந்தளின் ஒரு நாளை மட்டும் வரைந்ததாகும். ஆகவே ஒரே கொடியில் பல நிலைப் பூக்களை அடுக்கிக் காட்டுவதே தாவர ஓவியத்துக்கு உகந்த வழி. புலவர்கள் இதே சிக்கலை உவமையால் எதிர்கொண்டனர். விரல், சுடர், பாம்பின் படம் என்று காந்தளுக்கு வரும் உவமைகள் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றினும், அவை ஒரே பூவின் வெவ்வேறு நிலைகளைக் குறிப்பன என்று கொள்ள இடமுண்டு. குவிந்த நிலையில் விரலாகத் தோன்றுவது விரிந்து சிவந்தபின் சுடராகும்.

சிக்கல் பெயரில் உள்ளது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலில் செங்காந்தள் முதலில் வருகிறது. தோன்றி பின்னர்த் தனியே வருகிறது. கோடலும் அதே பட்டியலில் உண்டு. தோன்றிக்குச் செங்காந்தள் என்றே பொருள் கூறும் அகராதிகளும் உண்டு. இருபெயரும் ஒரு செடிக்கே உரியன எனில், கபிலர் பட்டியலில் ஒரு பூ இருமுறை எண்ணப்பட்டதாகும். வேறு செடிகள் எனில், சுடர்போலும் செந்நிறப் பூவையுடைய தோன்றி யாது என்னும் வினா எழும். திணை நோக்கிலும் வேறுபாடு தெரிகிறது. காந்தள் பெரும்பாலும் மலைச்சாரலில் மணக்க, தோன்றி முல்லை நிலத்தின் கார்காலக் காட்சிகளில் பிற கார்ப்பூக்களோடு மலர்கிறது.

தாவரவியல் நூலை அணுகினால் விடை உடனே கிடைப்பதுபோல் தோன்றும். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் குளோரியோசா இனம் ஒன்றே. எனவே காந்தளும் தோன்றியும் ஒன்று என்று சொல்லிவிடலாம். ஆனால் இனத்தின் ஒருமை பெயரின் ஒருமைக்குச் சான்றாகாது. மக்கள் வழக்கு ஒரு செடிக்கு அதன் நிலை, நிறம், வளரிடம், பயன் ஆகியவற்றுக்கேற்பப் பல பெயர் இடும். இச்செடிக்கே கிழங்கின் வடிவால் கலப்பைக்கிழங்கு என்றும், பூக்கும் பருவத்தால் கார்த்திகைப்பூ என்றும் பெயர்கள் வழங்குகின்றன. கண்வலிக்கிழங்கு என்பது மற்றுமொரு பெயர். அறிவியற் பெயர் ஒன்றாயிருக்க, தமிழ்ப்பெயர் ஒவ்வொன்றும் செடியின் வெவ்வேறு கூறைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

இவ்விடத்தில் மலபாரில் எழுந்த ஒரு படம் துணைக்கு வருகிறது. டச்சு ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீட் முயற்சியால் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் ஏழாம் தொகுதியில் இச்செடி ‘மெண்டோனி’ என்று இலத்தீன் எழுத்தில் பெயர் பெற்றுப் படமாகியுள்ளது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணி அறிஞர் மூவரும் அந்நூலுக்குச் செய்தி தந்தவர்கள். அச்சுதனின் உறுதிமொழி கோலெழுத்து வடிவத்திலேயே நூலில் இடம்பெற்றது. பெரும்பாலான படங்களின்மீதே செடியின் பெயர் இலத்தீன் எழுத்தோடு மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது. கே. எஸ். மணிலால் பல்லாண்டுகள் உழைத்து அந்நூலை ஆங்கிலத்தில் 2003இலும் மலையாளத்தில் 2008இலும் வெளிக்கொணர்ந்தபின் தமிழாய்வுக்கும் அது எட்டும் பொருளாயிற்று.

‘மெண்டோனி’ என்னும் இலத்தீன் எழுத்துவடிவம் தனித்து நின்றால் ஒலி விளங்காது. அதிலுள்ள மெய்யிணை ‘ண்ட’ என்றும் ‘ந்த’ என்றும் வாசிக்க இடந்தரும். உயிரின் நெடுமையும் தெரியாது. மலையாள வழக்கோடு ஒப்பிட்ட பின்னரே அது ‘மேந்தோன்னி’ என்பது உறுதியாகும். தமிழ் ‘ன்று’ மலையாளத்தில் ‘ன்னு’ ஆவது, கன்று, ஒன்று முதலிய சொற்களில் காணும் முறையான மாற்றம். அம்முறையால் ‘தோன்னி’ என்னும் பின்னுறுப்பு தமிழின் ‘தோன்றி’யோடு பொருந்துகிறது. ஆகவே 17ஆம் நூற்றாண்டின் மலபார் வழக்கில் குளோரியோசா, தோன்றி என்னும் பெயரோடு தொடர்புற்று நின்றது என்பதற்கு அப்படம் காலமறிந்த சான்று. அதுவே கபிலர் காலத் தோன்றியும் காந்தளும் ஒன்று என்பதை நிறுவிவிடாது. இடையில் பல நூற்றாண்டுகள் உள்ளன; பெயர் ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்வதும் உண்டு. எனினும் அகராதிக் கூற்றை மட்டும் நம்பி நின்ற ஒரு கருத்துக்கு நிலமும் ஆண்டும் அறிந்த ஒரு சாட்சி கிடைக்கிறது. அச்சாட்சி இதழின் வடிவத்திலிருந்து வரவில்லை. படத்தின்மீது எழுதிய பெயரிலிருந்து வருகிறது.

ஐரோப்பியத் தாவரவியலில் இப்பெயர் பட்ட பாடும் ஒரு பாடவரலாறே. 18ஆம் நூற்றாண்டில் அதான்சன் ‘மெண்டோனி’ என்பதையே பேரினப் பெயராக ஆண்டார். ‘மெத்தோனிகா’ என்பது நெடுநாள் வழங்கிய மற்றொரு பெயர். அதுவும் இச்சொல்லின் வேறொரு கேட்புவடிவம் என்று கொள்ளத்தகும். லின்னேயஸ் 1753இல் இட்ட குளோரியோசாவே நிலைபெற, மலபாரின் சொல் ஒத்தபெயர்ப் பட்டியலில் ஒதுங்கியது.

யார் வரைந்தார்

ரீட் நூலையும் வைட் நூலையும் அருகருகே வைத்தால் ஒரு தலைமாற்றம் தெரிகிறது. ரீடின் படங்களை வரைந்தவர்கள் ஐரோப்பியர்; ஆனால் தாளில் உள்ளூர் எழுத்து இருக்கிறது. வைட்டின் படங்களை வரைந்தவர்கள் இந்நாட்டார். ஆனால் ‘ஐக்கோனிஸ்’ படங்களில் பொதுவாக இலத்தீன் பெயர் மட்டுமே தலைமை பெறுகிறது. நாட்டு ஓவியர் வந்தபோது நாட்டுப்பெயர் விலகியது. கோயம்புத்தூரிலும் நீலகிரியிலும் கிடைத்த செடிகளுக்கு அவற்றைக் கொணர்ந்தோர் வாயில் பெயர் இல்லாதிருந்திருக்க முடியாது. தமிழ்ப் பெயரைப் பேணும் முயற்சி அக்காலத்துச் சென்னையில் அறவே இல்லாமலும் இல்லை. ஒயிட்லா எய்ன்ஸ்லியின் மருந்துப்பொருள் நூல் (1813, விரிந்த பதிப்பு 1826) தமிழ்ப்பெயர்களைத் தொகுத்தது. தரங்கம்பாடிக்கு வந்த சமயப்பணியாளரும் தாவரவியலாருமான ரோட்லர் (1749-1836) தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றையே ஆக்கினார். அது 1834 முதல் 1841 வரை சென்னையில் வெளிவந்தது. செடியைச் சேகரித்த கையே சொல்லையும் சேகரித்தது. படநூல்களில் அவ்விரு பணிகளும் பிரிந்துபோயின.

ஓவியர் பெயரைப் பொறுத்தவரை வைட் பிறரினும் நேர்மையானவர். படத்தின் அடியில் ‘ரங்கியா டெல்.’, ‘கோவிந்து டெல்.’ என்று சிறிய எழுத்தில் அச்சிடச் செய்தார். ‘வரைந்தார்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் சுருக்கம் அது. 1853இல் ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்குக் ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார். இந்திய ஓவியர் ஒருவர் பெயரால் தாவரப் பேரினம் அமைந்தது அரிய நிகழ்ச்சி. பின்னர் அது டிரோப்பிடியா என்னும் பேரினத்துள் அடங்கி, ஒத்தபெயராக மட்டும் எஞ்சிற்று. நன்றிக்கடன் செலுத்தும் வழி அக்காலத்து மரபுக்குள் அவ்வளவே.

கல்கத்தாவில் 1770களின் இறுதியில் மேரி இம்பேயின் பொருட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் வரைந்த ஷேக் ஜைனுத்தீன் தம் பெயரைப் பாரசீக எழுத்தில் தாளில் எழுதினார். பாட்னாவைச் சேர்ந்தவர் என்ற குறிப்பும் உண்டு. அவ்வோவியங்களோடு பிற இந்திய ஓவியர்களின் படைப்புகளும் ‘மறக்கப்பட்ட மேதைகள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் லண்டன் வாலஸ் சேகரத்தில் 2019 டிசம்பர் முதல் 2020 வரை காட்சிக்கு வைக்கப்பட்டன. ‘கம்பெனி ஓவியம்’ என்னும் பொதுப்பெயரை நீக்கி ஓவியர் பெயர்களை முன்வைத்தமை வரவேற்கத்தக்க திருத்தம். ஆயினும் மேதை என்னும் சொல் மற்றொரு இடரைக் கொணர்கிறது. கலைக்கூடச் சுவரில் சட்டமிட்டு மாட்டிய தாவரப் படம் அழகுப்பொருளாகிறது. அதன் அடியில் உள்ள அறுவைப் படங்களும், பெயர்க்குறிப்பும், பென்சில் திருத்தங்களும் பார்வையாளரின் கவனத்துக்கு வெளியே சென்றுவிடுகின்றன. அறிவியல் சேகரம் ஓவியரை மறந்தது. கலைச் சேகரம் செடியை மறக்கும் நிலையில் உள்ளது.

அட்டவணை செய்ய வேண்டுவது

இக்குறையை நிரப்பும் இடம் விளக்க அட்டவணையே. தஞ்சை சரசுவதி மகாலில் இரண்டாம் சரபோசி (1777-1832) காலத்து இயற்கைப் பொருளோவியங்கள் உள்ளன. தன்வந்திரி மகாலின் மருத்துவ ஆராய்ச்சியும் இவ்வோவியங்களும் ஒரே அரசவையின் முயற்சிகள் என்பதால், சுவடியையும் படத்தையும் ஒரே கூரையின்கீழ் ஒப்பிட்டு வாசிக்கும் வாய்ப்பு அங்குண்டு. சவிதிரி பிரீதா நாயர் 2012இல் வெளியிட்ட சரபோசி பற்றிய ஆய்வு அவ்வாய்ப்பின் பரப்பை உணர்த்தியது. மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர் மூலிகைப் பெயருக்கு அடிக்குறிப்பு எழுதும்போது அகராதியையும் இக்காலத் தாவர நூலையும் நாடுகின்றனர். அச்சுவடி எழுந்த ஊரில், அக்காலத்திலேயே தீட்டப்பட்ட படத்தை நாடுவோர் அரியர்.

வெளிநாட்டுச் சேகரங்கள் தம் படங்களை இணையவழிக் காணத் தந்துள்ளமையும், வைட்டின் அச்சுநூல் முழுமையும் எண்ணியப் படியாகக் கிடைப்பதும் பெரிய உதவி. ஆனால் தேடுவோர் இலத்தீன் பெயரால் தேடினாலன்றிப் படம் கிட்டுவது அரிது. காந்தள் என்றோ தோன்றி என்றோ தேடும் ஒருவருக்கு அச்சேகரத்தின் கதவு திறவாது. இவ்விடத்தில் தமிழ்த்துறைகள் செய்யக்கூடிய பணி தாவரவியலாராலும் கலை வரலாற்றாளராலும் செய்ய இயலாதது. தாளில் தமிழ், தெலுங்கு, மலையாள எழுத்துக் குறிப்பு இருப்பின் அதனை எழுத்துமாற்றம் செய்து, எழுத்தின் வடிவம்கொண்டு காலம் கணித்து, சொல்லின் ஒலிவரலாற்றை ஆராய்தல் மொழியறிந்தார் தொழில். ஒரு காந்தட் படத்துக்கான பதிவில் இன்றைய அறிவியற் பெயர், படத்தில் எழுதிய பழைய பெயர், வரைந்தவர், கல்லில் மாற்றியவர், மூல ஓவியம் இருக்குமிடம், இடவலம் மாறியதா என்னும் குறிப்பு, செடி கிடைத்த ஊர், திங்கள் ஆகியவற்றோடு, அச்செடிக்கு அவ்வூரார் வழங்கும் பெயர்கள் அவர்தம் ஒலிப்பிலேயே இடம்பெறுதல் வேண்டும். திங்களும் ஊரும் தெரிந்தால் அப்பூ முல்லைக்குரிய காரில் மலர்ந்ததா, மலைச்சாரலில் மலர்ந்ததா என்பது தெரியும். தோன்றியும் காந்தளும் பற்றிய வினா அதன்பின் மீண்டும் எடுத்து ஆராயப்படலாம்.